"சும்மாதான் இருக்கேன்"னு சொன்னா எந்தக் கட்டத்துல டிக் அடிப்பீங்க? சமூகவியல் ஆய்வு, டேட்டா பத்தி அடிக்கடி கேட்கிற கேள்விகள்

ப்ராஜெக்ட் சீசன் வந்தாலே எனக்கு ஒரே மாதிரி மெசேஜ்தான் வரும், "அண்ணா ப்ரைமரி டேட்டா எடுக்கணுமா செகண்டரி போதுமா", "அண்ணா 100 சாம்பிள் போதுமா", ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டேன். உதாரணத்துக்கு முக்கால்வாசி ஒரே விஷயத்தைத்தான் எடுத்திருக்கேன், பெண்கள் செய்ற வேலையை எப்படி எண்ணுறதுன்னு. ஏன்னா என் முதல் சர்வேலயே நான் சறுக்கின இடம் அது.

எம்.ஏ. ரெண்டாவது வருஷம், ஒரு கிராமத்துல வீடு வீடா ஃபார்ம் நிரப்புறேன். ஒரு அம்மா வாசல்ல உக்காந்து புளியைத் தட்டி கொட்டை எடுத்துக்கிட்டு இருக்காங்க. "என்ன வேலை பாக்குறீங்கம்மா?"ன்னு கேட்டேன். கையை நிறுத்தாமலே "வேலையா? நான் சும்மாதான் தம்பி இருக்கேன்"னு சொன்னாங்க. நானும் சமர்த்தா "வேலை இல்லை" கட்டத்துல டிக் அடிச்சிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டேன். சாயங்காலம் டீக்கடையில பேசும்போதுதான் தெரியுது, அந்தப் புளி வியாபாரி கொண்டுவந்து போட்டது, கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலி. கண்ணு முன்னாடி ஒரு ஆள் கூலி வேலை செய்றாங்க, என் ஃபார்ம்ல அவங்க சும்மா இருக்காங்க.

பாசிட்டிவிசம், இன்டர்பிரெட்டிவிசம் இதெல்லாம் மனப்பாடம் பண்ணியே ஆகணுமா?

பரீட்சைக்குன்னா ஆமா. ஆய்வுக்குன்னா, அந்தப் பேருங்க பின்னாடி இருக்கிற சண்டை என்னன்னு புரிஞ்சா போதும். ஒரு கட்சி, அதாவது பாசிட்டிவிசம், சொல்லுது, சமூகத்தையும் வெளியில நின்னு அளக்கலாம், எண்ணலாம், ஒப்பிடலாம்னு. பிரெஞ்சு சமூகவியலாளர் துர்கைம் 1897ல தற்கொலை பத்தி எழுதினப்ப செஞ்சது அதான், ஒவ்வொருத்தர் மனசுக்குள்ள என்ன ஓடுச்சுன்னு போகாம, எந்த நாட்டுல எந்த மதத்துல விகிதம் கூட எதுல குறைச்சல்னு பதிவேட்டு எண்ணிக்கையை வச்சு வாதாடினார். இன்னொரு கட்சி இன்டர்பிரெட்டிவிசம், ஜெர்மன் சமூகவியலாளர் வெபர் பக்கம்னு வச்சுக்கலாம், மனுசன் கல்லு இல்ல, அவன் செய்ற காரியத்துக்கு அவனே ஒரு அர்த்தம் வச்சிருக்கான், அதைப் புரிஞ்சுக்காம எண்ணி என்ன பிரயோஜனம்னு கேக்குது. மூணாவதா பெண்ணியம், மார்க்சியம், தலித் பார்வைன்னு வர்றவங்க இன்னும் ஒரு படி மேல போய், "சரி எண்ணுறீங்க, ஆனா எதை எண்ணணும்னு முடிவு பண்ணது யாரு?"ன்னு கேக்குறாங்க.

புளி தட்டுற அம்மாவையே எடுத்துக்கோங்க. இந்த ஊர்ல எத்தனை பேர் இப்படி வேலை செய்றாங்கன்னு கேட்டா முதல் கட்சி. அவங்க ஏன் அதை "வேலை"ன்னு சொல்ல மாட்டேங்கறாங்கன்னு கேட்டா ரெண்டாவது. அந்த ஃபார்ம்ல அந்தக் கட்டம் ஏன் அப்படி இருக்குன்னு கேட்டா மூணாவது. அதனால எந்தக் கட்சியில சேரலாம்னு முதல்ல யோசிக்காதீங்க, உங்க கேள்வி என்னன்னு ஒரு வரியில எழுதுங்க, எந்தப் பக்கம் போகணும்னு அதுவே சொல்லிடும்.

ப்ரைமரி டேட்டா, செகண்டரி டேட்டா, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? எது ஒசத்தி?

நீங்களே உங்க கேள்விக்காக போய்ச் சேகரிச்சா முதல்நிலைத் தரவு, வேற யாரோ வேற காரணத்துக்காக சேகரிச்சு வச்சதை நீங்க எடுத்துக்கிட்டா இரண்டாம்நிலைத் தரவு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு (சென்சஸ்), என்.எஸ்.எஸ். (தேசிய மாதிரி ஆய்வு), குடும்ப நலக் கணக்கெடுப்பு எல்லாம் நமக்கு ரெண்டாவது ரகம். ஒசத்தி மட்டம்னு ஒண்ணும் கிடையாது. தமிழ்நாடு முழுக்க எத்தனை பெண்கள் வேலைக்குப் போறாங்கன்னு ஒரு மாணவர் தனியா போய் எண்ண முடியுமா என்ன. ஆனா யாரோ வேற காரணத்துக்காக தச்ச சட்டை அது, உங்க உடம்புக்கு எங்கயோ ஒரு இடத்துல பிடிக்கும்ங்கறதை மறக்கக் கூடாது.

அரசாங்க டேட்டாதானே, அப்படியே எடுத்துப் போட்டுக்கலாம்ல?

எடுக்கலாம், ஆனா கேள்வித்தாளைப் படிச்சிட்டு எடுங்க. நான் கெஞ்சிக் கேட்டுக்கறது இது ஒண்ணுதான். டேபிளை மட்டும் டவுன்லோடு பண்ணிட்டு, அந்த எண் எந்தக் கேள்விக்கு வந்த பதில்னே பாக்காம கிராஃப் போடுறவங்கதான் நிறைய.

ஒரு உதாரணம். 1961 சென்சஸ்ல இந்தியப் பெண்கள்ல சுமார் 28 சதவீதம் பேர் உழைப்பாளிகள்னு வந்துச்சு. பத்து வருஷம் கழிச்சு 1971ல அது ஏறக்குறைய பாதியா விழுந்துடுச்சு. வேலை பாத்த பொம்பளைங்கள்ல பாதிப் பேர் திடீர்னு வேலையை விட்டுட்டாங்களா? கேள்வி மாறுச்சு, அவ்வளவுதான் பெரும்பாலும். 1961ல சீசன் வேலைன்னா அந்த சீசன்ல பெரும்பகுதி நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல செஞ்சாலே உழைப்பாளி. 1971ல "உங்க முக்கியமான வேலை என்ன?"ன்னு கேட்டாங்க. அப்படிக் கேட்டா வயல்ல நாத்து நட்டுட்டு வந்து, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு, சோறாக்குற பொண்ணு என்ன சொல்லும்? வீட்டு வேலைன்னு சொல்லும். அதுவும் பதில் சொல்றது வீட்டுக்காரர்னா கேக்கவே வேணாம். 1991ல சம்பளமில்லாம சொந்த நிலத்துலயும் குடும்பத் தொழில்லயும் செய்ற வேலையையும் சேர்த்துக்கணும்னு கேள்வியிலயே எழுதிப் போட வேண்டியதாச்சு.

இப்ப இருக்கிற பி.எல்.எஃப்.எஸ்.ல, அதாவது அரசாங்கம் எடுக்கிற உழைப்புப் படைக் கணக்கெடுப்புல கூட இதே கதைதான். 15 வயசுக்கு மேல இருக்கிற பெண்கள்ல உழைப்புச் சந்தையில இருக்கிறவங்க 2017-18ல 23.3 சதவீதம், 2023-24ல 41.7 சதவீதம். ஆறு வருஷத்துல இவ்வளவு பெரிய ஏத்தம். ஆனா உள்ள போய்ப் பாத்தா அந்த ஏத்தத்துல பெரிய பங்கு சுயதொழில், அதுலயும் குடும்பத் தொழில்ல சம்பளம் வாங்காம உதவி செய்றவங்க கணிசமா இருக்காங்க. இதை "வேலைவாய்ப்பு பெருகுது"ன்னு எழுதலாம், "முன்னாடி எண்ணாம விட்டதை இப்ப எண்ணுறாங்க"ன்னும் எழுதலாம், "வேற வழியில்லாம எதையாவது செய்றாங்க"ன்னும் எழுதலாம், மூணுக்கும் ஆள் இருக்கு. இன்னொண்ணு, இது "வழக்கமான நிலை" கணக்கு, வருஷத்துல 30 நாள் செஞ்ச உபதொழிலும் இதுல சேரும். அதே சர்வேல "வார நிலை"ன்னு வேற ஒரு கணக்கு இருக்கு, போன ஏழு நாள்ல ஏதோ ஒரு நாள் ஒரு மணி நேரம் செஞ்சிருந்தாலே போதும். ரெண்டையும் ஒரே டேபிள்ல கலந்து வச்சிருந்த ஒரு தீசிஸ் என் கைக்கு வந்துச்சு, யாருதுன்னு சொல்ல மாட்டேன்.

ஞாபகத்தைக் கேக்கிற கேள்வின்னா இன்னும் ஜாக்கிரதை. "போன 30 நாள்ல சாப்பாட்டுக்கு எவ்வளவு செலவு பண்ணீங்க?"ன்னு கேட்டா ஒரு பதில், "போன 7 நாள்ல?"ன்னு கேட்டு மாசத்துக்குப் பெருக்கினா வேற பதில், பொதுவா கூடுதலா வரும். 1999-2000 என்.எஸ்.எஸ். சர்வேல உணவுச் செலவுக்கு ரெண்டு கேள்வியையும் ஒரே ஃபார்ம்ல பக்கத்துப் பக்கத்துல வச்சுட்டாங்க. ஒரு கட்டத்துல எழுதினதைப் பாத்து இன்னொண்ணையும் அதுக்கு ஒத்துப்போற மாதிரி எழுதத் தோணும்ல. அந்த சர்வேப்படி வறுமை 1993-94ல இருந்த 36 சதவீதத்துலேர்ந்து 26 சதவீதமா குறைஞ்சதா வந்துச்சு. அதுல எவ்வளவு நிஜமான குறைவு, எவ்வளவு ஃபார்ம் பண்ண வேலைன்னு பொருளாதார நிபுணர்கள் வருஷக்கணக்கா அடிச்சுக்கிட்டாங்க. கோடிக்கணக்கான பேர் வறுமைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தாங்களா அந்தப் பக்கம் இருந்தாங்களாங்கறதே ஒரு கேள்வித்தாள் கையில இருந்துச்சு.

எங்க கைடு நம்பர் இருந்தாதான் ஆய்வு, இன்டர்வியூ எல்லாம் கதைன்னு சொல்றாரே?

வைவா முடியுற வரைக்கும் தலையாட்டுங்க. ஆனா உண்மை அது இல்ல. ஆன் ஓக்லின்னு ஒரு பிரிட்டிஷ் சமூகவியலாளர், 1970கள்ல லண்டன்ல வெறும் 40 இல்லத்தரசிகளைத்தான் பேட்டி எடுத்தாங்க. நாற்பதே பேர். வீட்டு வேலையை வேலையாவே எடுத்துக்கிட்டு, எது சலிப்பு, எது பிடிக்கும், வாரத்துக்கு எவ்வளவு நேரம்னு தொழிற்சாலைத் தொழிலாளிகிட்ட கேக்கிற மாதிரி கேட்டாங்க. சராசரி வாரத்துக்கு 77 மணி நேரம் வந்துச்சு. அதுக்கு முன்னாடி பெரிய பெரிய சர்வே எடுத்தவங்கள்ல பல பேருக்கு வீட்டு வேலையை அப்படிப் பாக்கணும்னே தோணல. சின்ன ஆய்வு புதுக் கேள்வியைக் கண்டுபிடிக்கும், பெரிய சர்வே அது ஊர் பூரா உண்மையான்னு பாக்கும், ஒண்ணுக்கொண்ணு சக்களத்தி இல்ல.

நம்ம ஊர்லயும் அப்படித்தான் நடந்துச்சு. தேவகி ஜெயின், மாலினி சந்த் ரெண்டு பேரும் 1976-77ல ராஜஸ்தான், மேற்கு வங்க கிராமங்கள்ல பெண்களோட நேரத்தை ஆளு வச்சு கவனிச்சுக் குறிச்சாங்க. வழக்கமான சர்வேல "வேலை செய்யாதவர்"னு வர்ற பெண்கள் சிலர் நெல்லு தூத்துறது, அவிக்கிறதுன்னு நாள் பூரா உழைக்கிறது அதுலதான் தெரிஞ்சுது. பிறகு 1998-99ல தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலத்துல சோதனையா நேரப் பயன்பாட்டு சர்வே நடந்துச்சு, 2019ல நாடு முழுக்க. 2019 கணக்குப்படி, வீட்டு வேலையில ஈடுபடுற பெண் ஒரு நாளைக்கு அதுக்குச் செலவழிக்கிறது 299 நிமிஷம், ஆண் 97 நிமிஷம். 2024ல 289, 88. அஞ்சு வருஷத்துல பெண்ணுக்கு பத்து நிமிஷம் குறைஞ்சுது, சரி, ஆனா ஆணுக்கும் ஒம்பது நிமிஷம் குறைஞ்சிருக்கு பாருங்க.

அந்த 97ல இன்னொரு நுணுக்கம் இருக்கு. அது வீட்டு வேலை செய்ற ஆண்களோட சராசரி மட்டும்தான், துரும்பைக்கூட கிள்ளிப் போடாத ஆம்பளைங்க அந்தக் கணக்குலயே வர மாட்டாங்க.

அவங்க சொல்றதை நம்புறதா, நம்ம கண்ணால பாக்கிறதை நம்புறதா?

ரெண்டும் வேற வேற டேட்டா. ரிச்சர்ட் லபியர்னு ஒரு அமெரிக்கர் 1930கள்ல ஒரு சீனத் தம்பதியோட கார்ல நாடு சுத்தினார். அங்க சீனர்கள் மேல வெறுப்பு ஜாஸ்தியா இருந்த காலம். 251 ஓட்டல், விடுதிக்குப் போனாங்க, ஒரே ஒரு இடத்துலதான் சேர்க்க மாட்டோம்னு அனுப்பினாங்க. பிறகு அதே இடங்களுக்கு லெட்டர் போட்டு "சீனர்களை அனுமதிப்பீங்களா?"ன்னு கேட்டார், பதில் போட்ட 128 பேர்ல 90 சதவீதத்துக்கு மேல "மாட்டோம்"னு எழுதினாங்க. நம்மூர்ல இதைத் தலைகீழா பாக்கலாம், "நாங்கள்லாம் ஜாதி பாக்கிறதில்ல சார்"னு ஃபார்ம்ல சொல்வாங்க, தண்ணி கேட்டா எந்த டம்ளர் வருதுன்னு கவனிங்க.

சொல்றதைக் கேட்டு மட்டும் குறிச்சாலும் விட்டுப்போகும். நேரப் பயன்பாட்டு சர்வேல முந்தின நாள் காலை 4 மணியிலேர்ந்து மறுநாள் 4 மணி வரைக்கும் அரை மணி அரை மணியா கேப்பாங்க. குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு ரசம் தாளிச்சா அது எதுல சேரும்? ரெண்டையும் குறிக்க வழி இருக்கு, ஆனா "புள்ளையப் பாத்துக்கிட்டது" ஒரு வேலைன்னு அவங்களுக்கே தோணி சொன்னாதானே குறிக்க முடியும்.

கூகுள் ஃபார்ம் பண்ணி வாட்ஸ்அப் குரூப்ல விட்டேன், 200 பேர் நிரப்பிட்டாங்க. போதும்ல?

எண்ணிக்கை பத்தி எனக்குப் பிரச்சினை இல்ல, அந்த 200 பேர் யாருங்கறதுதான் பிரச்சினை. உங்க குரூப்ல இருக்கிறவங்க, ஸ்மார்ட்ஃபோன் கையில இருக்கிறவங்க, ஃபார்ம் நிரப்பப் பொறுமை இருக்கிறவங்க. 1936ல அமெரிக்காவுல லிட்டரரி டைஜஸ்ட்னு ஒரு பத்திரிகை ஒரு கோடி பேருக்கு அட்டை அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல பதில் வாங்கி, தேர்தல்ல ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ன லாண்டன்தான் ஜனாதிபதின்னு சொல்லிச்சு. 48 மாநிலத்துல 46ஐ ரூஸ்வெல்ட் அள்ளிட்டு போனார். முகவரி எடுத்தது டெலிஃபோன் புத்தகம், கார் பதிவு லிஸ்ட்லேர்ந்து, அதாவது வசதியானவங்க பக்கம் சாஞ்ச லிஸ்ட், போதாததுக்கு பதில் போட்டவங்களும் ஒரு தினுசானவங்க. உங்க தலைப்பு "கல்லூரி மாணவர்களின் இன்ஸ்டாகிராம் பழக்கம்"னா கூகுள் ஃபார்ம் ஓகே, "கிராமப்புறப் பெண்களின் வேலைச்சுமை"ன்னா தயவுசெஞ்சு வேணாம்.

நாமினல், ஆர்டினல், இன்டர்வல், ரேஷியோ... இந்த நாலு அளவு வகையும் எதுக்கு?

எக்செல் உங்களை ஏமாத்தாம இருக்க. ஜாதிப் பிரிவுக்கு 1, 2, 3, 4ன்னு கோட் போடுறோம், அது வெறும் பேர், நாமினல். எக்செல் பாவம் அதுக்கு என்ன தெரியும், சராசரி கேட்டா 2.37ன்னு குடுக்கும். 2.37ங்கறது எந்த ஜாதி? "மிகவும் திருப்தி, திருப்தி, பரவாயில்லை" எல்லாம் வரிசை உண்டு, ஆனா இடைவெளி சமம்னு சொல்ல முடியாது, அது ஆர்டினல். டிகிரி செல்சியஸ் மாதிரி இடைவெளி சமம், ஆனா பூஜ்யம்னா "ஒண்ணுமே இல்லை"ன்னு அர்த்தம் இல்லைன்னா இன்டர்வல். வயசு, நிமிஷம், ரூபாய் எல்லாம் நிஜ பூஜ்யம் உள்ளது, ரேஷியோ, அதை என்ன வேணா பண்ணலாம்.

இன்டர்வியூ எடுக்கப் போனா ஊரே கூடி நிக்குது, மாமியார் பதில் சொல்றாங்க. என்ன பண்றது?

முதல்ல, விரட்டாதீங்க. கூட்டம் இருக்கும்போது வர்ற பதிலும் டேட்டாதான், யார் முன்னாடி யார் பேசலன்னு குறிச்சுக்கோங்க. நான் ஒரு வீட்டுல "வீட்டுச் செலவை யார் முடிவு பண்றது?"ன்னு கேட்டப்ப மருமக வாயைத் திறக்கறதுக்குள்ள மாமியார் "எல்லாம் இவதான்"னுட்டாங்க, அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பாத்தா விஷயம் புரிஞ்சுது. மறுநாள் தண்ணிக் குழாய்கிட்ட பாத்தப்ப அதுவாவே வந்து பேசிச்சு. முடிஞ்சா கூட ஒரு தோழியைக் கூட்டிட்டுப் போங்க, சில கேள்வியை ஆம்பளை கேக்கவே கூடாது, கேட்டாலும் பதில் வராது.

"என்ன வேலை?"ன்னு கேக்காதீங்க, "காலையில எழுந்ததும் முதல்ல என்ன பண்ணீங்க? அப்புறம்?"னு கேளுங்க. "சும்மாதான் இருக்கேன்"ல ஆரம்பிச்ச பேச்சு, கோலம், சாணி, பால், டிபன், பூ கட்டுறது, ரேஷன் க்யூன்னு நீண்டுக்கிட்டே போகும். பூ கட்டுறதுக்கு முழத்துக்கு எவ்வளவுன்னு நடுவுல அதுவா வந்து விழும்.

அவங்களும் உங்களைப் பேட்டி எடுப்பாங்க, தயாரா இருங்க. எந்த ஊரு, யார் வீட்டுப் புள்ள, கல்யாணம் ஆயிடுச்சா. இந்த "எந்த ஊரு"ங்கறது பல இடத்துல ஜாதியைக் கேக்கிற மரியாதையான வழி, நீங்க சொல்ற பதிலைப் பொறுத்து யார் வீட்டுத் திண்ணையில உக்காரலாம்ங்கறது முடிவாகும். அதை மறைக்காம மெத்தடாலஜி சேப்டர்ல எழுதுங்க. சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1948ல மைசூர் பக்கம் ராம்புராங்கற கிராமத்துல ஆய்வு பண்ணப்ப தங்கினது ஊர்த் தலைவரோட இடத்துல. அங்க உக்காந்தா ஊர் எப்படித் தெரியுமோ அப்படித்தான் தெரியும்.

ஒரே ஊரைத் திரும்பத் திரும்ப ஆய்வு பண்றதுல என்ன லாபம்?

ஒரு தடவை எடுத்தா போட்டோ, திரும்பத் திரும்ப எடுத்தாதான் மாற்றம் தெரியும். நம்மகிட்டயே அருமையான உதாரணம் இருக்கு, அதைப் படிக்காமலே பாதிப் பேர் பட்டம் வாங்கிடறாங்க. 1916ல சென்னைப் பல்கலைக்கழகத்துல பொருளாதாரப் பேராசிரியரா இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களை அவங்கவங்க சொந்த ஊருக்கே அனுப்பி கணக்கெடுக்கச் சொன்னார். இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலைபுரம்னு அஞ்சு தமிழ் ஊர் அதுல பேர் வாங்கிச்சு. 1930கள்ல பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணன் திரும்பப் போனாங்க, 1980கள்ல மறுபடி, இருவேல்பட்டுக்கு 2008லயும் போனாங்க. நிலம் யார் கையில இருந்து யார் கைக்குப் போச்சு, பண்ணையாள் முறை எப்படிக் கரைஞ்சுதுன்னு நூறு வருஷக் கதை அதுல இருக்கு. உங்க ஊர் பத்தி அப்படி ஏதாவது பழைய சர்வே இருந்தா புது டாபிக் தேடி அலையாதீங்க, அதே கேள்வியோட திரும்பப் போங்க.

பழைய லெட்டர், கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு எல்லாம் டேட்டா ஆகுமா?

தாராளமா. வில்லியம் தாமஸும் (மேல சொன்ன தாமஸ் இல்ல, இவர் அமெரிக்க சமூகவியலாளர்) ஸ்னானியெக்கியும் 1918லேர்ந்து வெளியிட்ட போலந்து விவசாயிகள் ஆய்வுக்கு முக்கிய ஆதாரமே அமெரிக்கா போனவங்களுக்கும் ஊர்ல இருந்தவங்களுக்கும் நடுவுல போன லெட்டர்தான். மொய் நோட்டுல யார் யாருக்கு எவ்வளவு, எந்த வருஷம்னு உறவும் கடனும் ஒரே கோட்டுல எழுதியிருக்கு. அதைவிட சுத்தமான டேட்டாவை எந்த சர்வேயும் குடுக்காது.

பேரை மாத்திட்டா போதுமா?

போதாது. "ஊராட்சித் தலைவி, வயது 34, தையல் கடை வச்சிருக்கார்"னு எழுதினா பேர் எதுக்கு, ஊருக்கே தெரியும். என்ன ஆய்வு, எங்க போகும், பிடிக்கலன்னா பாதியில நிறுத்தலாம்னு சொல்லி சம்மதம் வாங்கிட்டுத்தான் ரெக்கார்டரை ஆன் பண்ணணும். உதவித்தொகை வாங்கித் தர வந்த ஆளுன்னு நினைச்சுக்கிட்டு பேசறாங்கன்னா உடனே திருத்துங்க, மகளிர் உரிமைத்தொகை 1000 ரூபாய் வந்ததுக்கு அப்புறம் ஃபார்மோட யார் போனாலும் "விட்டுப்போனதுக்கு எழுதுறீங்களா?"ன்னுதான் கேக்குறாங்க.

நோட்ஸ், ரெக்கார்டிங் எல்லாம் எங்க வைக்கிறது?

ரெண்டு இடத்துல, ஒண்ணு வேற ஊர்ல இருந்தா இன்னும் நல்லது. மேல சொன்ன சீனிவாஸ், 1970 ஏப்ரல்ல ஸ்டான்ஃபோர்டுல இருந்தப்ப யாரோ வச்ச தீயில ராம்புரா நோட்ஸை ஒழுங்குபடுத்தி எழுதி வச்சிருந்ததெல்லாம் எரிஞ்சுபோச்சு. பிறகு ஞாபகத்துலேர்ந்தே ஒரு புத்தகம் எழுதினார், 1976ல வந்துச்சு, இன்னிக்கும் பாடமா இருக்கு. அவர் சீனிவாஸ். எனக்கு போன் தண்ணியில விழுந்து பதினோரு இன்டர்வியூ போச்சு, அதுல புளி தட்டுற அம்மாவோட ரெண்டாவது பேச்சும் ஒண்ணு, திரும்பப் போய்க் கேட்டா "அன்னைக்கே எல்லாம் சொல்லிட்டேனே தம்பி"ன்னு புளியை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாங்க.